வெந்தயம் அறிந்த மூக்கு

பாரிஸ் நகரத்து உணவகங்களின் பின்கட்டில் எம்மவர் பலர் கோப்பை கழுவியும் காய்கறி அரிந்தும் ஆண்டுகளைக் கழித்துள்ளனர். சமையற் பொறுப்பை ஏற்றோரும் உளர். ஆயினும், விருந்தினர் அமரும் முன்மண்டபத்துக்கு வந்தவர்கள் சிலரே. மொழி ஒரு தடை. வைன் பற்றிய அறியாமை மற்றொரு தடை. முதலாவதைப் பற்றிப் பேசுகிறோம். இரண்டாவதைப் பேசக் கூசுகிறோம்.

கூச்சத்துக்குக் காரணம் உண்டு. குடி எத்தனை குடும்பங்களைக் குலைத்தது என்பதை நாம் அறிவோம். ஆனால், வைனைப் பரிந்துரைப்பது வேறு, குடிப்பது வேறு. இத்தொழிலில் உள்ளோர் சுவை பார்த்தபின் உமிழ்ந்துவிடுவதே வழமை. வேண்டுவன மூக்கும் நாவும் நினைவாற்றலுமே.

இவை எம்மிடம் இல்லையா? ஜூரா பகுதியில் சவாஞ்ஞன் என்னும் வெள்ளைத் திராட்சையிலிருந்து 'வன் ஜோன்' என்னும் மஞ்சள் வைன் செய்யப்படுகிறது. குறைவதை நிரப்பாத மரப்பீப்பாயில், நொதியப் படலத்தின் கீழ், ஆறு ஆண்டுகளுக்கு மேல் முதிர்ந்து, 62 சென்ரிலீற்றர் கொள்ளும் குட்டைப் போத்தலில் வருவது. பழகாதவர் பழுதடைந்தது என்றே எண்ணக்கூடும். ஆனால் அதன் மணத்துக்குக் காரணமான சொத்தொலோன் என்னும் பொருளே வெந்தயத்துக்கும் மணம் தருகிறது. எமது சமையலறையில் வளர்ந்தவர் அதை முதல் முகர்விலேயே இனங்காண்பார்.

சிவப்பிலும் அவ்வாறே. ரோன் பள்ளத்தாக்கின் வடபகுதியிலுள்ள சென் ஜோசப், குரோஸ் எர்மித்தாஜ் ஆகியவற்றின் சிரா வைனில் மிளகு மணக்கும். இது வெறும் வருணனை அன்று. சிரா வைனிலும் கருமிளகிலும் அம்மணத்தைத் தருவது ரொட்டுண்டோன் என்னும் ஒரே பொருள்தான் என்பதை 2008இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

எனினும், மூக்கு மட்டும் போதாது. விருந்தினர் எந்த உணவைக் கேட்டார், எவ்வளவு செலவிட விரும்புகிறார் என்பதை முதலில் அறிதல் வேண்டும். பாலாடையில் வெந்த கோழிக்கும் கோந்தே பாற்கட்டிக்கும் மஞ்சள் வைன் பொருந்தும். சுட்ட ஆட்டிறைச்சிக்குச் சிரா பொருந்தும். தனித்தன்மையுள்ள வைனின் இயல்பை முன்கூட்டியே சொல்லிவிடல் நேர்மை. மஞ்சள் வைன் விலை கூடியது. திறந்தபின்னும் பல நாட்கள் கெடாது. ஆகவே, முழுப் போத்தலை வற்புறுத்தாமல் ஒரு கிண்ணம் அளிக்கலாம். விலை உயர்ந்ததையே தலையில் கட்டுபவரிடம் விருந்தினர் மறுமுறை ஆலோசனை கேட்கமாட்டார்.

எமது சங்கங்கள் மொழி வகுப்புகளோடு இதற்கும் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கலாம். உணவகம் நடத்தும் தமிழர்கள் தம் பணியாளரைச் சுவை பார்க்கும் கூட்டங்களுக்கு அனுப்பலாம். பின்கட்டுக்கும் முன்மண்டபத்துக்கும் இடையே இருப்பது ஒரு கதவுதான். அதைத் திறக்கும் அறிவை எம் இளைஞர் வெட்கமின்றிக் கற்கவேண்டும் என்பதே எமது கருத்து.