வீடு இங்கே, வரி அங்கே

தாம்பரம் சென்னையா, தனி ஊரா? நாலு பேர் கூடினால் இந்தச் சண்டை வந்துவிடுகிறது. மயிலாப்பூர்க்காரர், ‘பல்லாவரம் தாண்டினாலே செங்கல்பட்டுதான் சார்’ என்பார். சேலையூர்க்காரர், ‘எங்களுக்குத் தனி மாநகராட்சியே இருக்கு, தெரியுமில்ல?’ என்பார். பிறகு இரண்டு ஊர்களின் வளர்ச்சியையும் ஒப்பிட ஆரம்பிப்பார்கள். அங்கே கண்ணாடிக் கட்டடம், இங்கே அபார்ட்மெண்ட். அங்கே மெட்ரோ, இங்கே ஷேர் ஆட்டோ. சென்னை ஓடுகிறது, தாம்பரம் தூங்குகிறது என்று முடித்துவிடுவார்கள்.

எனக்கு இந்த ஒப்பீட்டின் மேலேயே கோபம். ஒரே வீட்டின் கூடத்தையும் கொல்லையையும் தனித்தனியாக அளந்துவிட்டு, கூடம் எவ்வளவு சுத்தம் பாருங்கள் என்று சொல்வது மாதிரிதான் இது.

முதலில் அடையாளத்தை எடுத்துக்கொள்வோம். தாம்பரத்துக்கு அடையாளப் பஞ்சம் எதுவும் கிடையாது. பல்லாவரத்தில்தான் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். அதே பல்லாவரத்தில் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரை இருக்கிறது. குரோம் தோல் தொழிற்சாலை தந்த பெயர் குரோம்பேட்டை. பம்மலில் தோல் பதனிடும் தொழில், அனகாபுத்தூரில் தறி, திருநீர்மலையில் திவ்யதேசம். 1928இல் டாக்டர் சவுரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனைதான் ‘சானடோரியம்’ என்ற ரயில் நிலையப் பெயராக நிற்கிறது. 1937இல் கிறித்துவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு வந்தது. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து, 70 வார்டுகளோடு தாம்பரம் மாநகராட்சி என்று பெயர் வைத்தார்கள். பல்லாவரத்துக்காரர் இன்றும் தன்னைத் தாம்பரத்துக்காரர் என்று சொல்வதில்லை. பின்கோடு 600இல் தொடங்குகிறது, தொலைபேசிக்கு 044, வண்டிக்கு மட்டும் டிஎன் 11. அடையாளம் இப்படிக் குழம்பிக் கிடப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. நஷ்டம் இருப்பது கணக்கில்.

அந்தக் கணக்கு 2011இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு சென்னை மாநகராட்சி தன் எல்லையை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரித்தது. 42 உள்ளாட்சிகள் உள்ளே வந்தன. தெற்கே பெருங்குடி உள்ளே, சோழிங்கநல்லூர் உள்ளே, ஆலந்தூர் உள்ளே. பல்லாவரமும் தாம்பரமும் வெளியே. 2000இல் தரமணியில் டைடல் பார்க் திறந்ததிலிருந்து ஓஎம்ஆர் என்னவாக ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். அந்தச் சாலையின் முக்கால்வாசி ஐடி கட்டடங்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம் போயின. அவற்றில் வேலை பார்ப்பவர்களில் பெரும் பகுதி வாடகை கட்டுப்படியாகிற இந்தப் பக்கத்தில் நின்றுவிட்டது. மேற்கேயும் இதே கதைதான். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கார் தொழிற்சாலைகள். விடியற்காலையில் கம்பெனி பஸ் ஆள் ஏற்றுவது தாம்பரத்திலும் பெருங்களத்தூரிலும். கிழக்கே ஒரு எஞ்சின், மேற்கே ஒரு எஞ்சின். இரண்டுக்கும் ஆள் அனுப்புகிற ஊருக்குப் பெயர் ‘தூங்குகிற ஊர்’.

இதில் என்ன போச்சு என்று கேட்கலாம். சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொழில் வரி என்று ஒரு தொகை பிடிக்கிறார்கள். தமிழ்நாட்டில் அது உள்ளாட்சிக்குப் போகிற வரி. எந்த உள்ளாட்சிக்கு? அலுவலகம் இருக்கிற உள்ளாட்சிக்கு. நானும் ஒரு மென்பொருள் ஊழியன்தான். சோழிங்கநல்லூரில் உட்கார்ந்து வேலை செய்கிறவர் ராஜகீழ்ப்பாக்கத்தில் குடியிருந்தாலும் அவருடைய தொழில் வரி சென்னைக்குத்தான். அவர் வீட்டுக் குப்பையை அள்ளுவது, தெருவிளக்கு போடுவது, கொசு மருந்து அடிப்பது எல்லாம் தாம்பரம். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை என்று ஆனபிறகும் வரி அங்கேயேதான் போகிறது.

‘வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு இவ்வளவு பேச்சா?’ என்பார்கள். ஆமாம், அதற்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 276ஆவது பிரிவு சொல்கிறது. 1988இல் வைத்த உச்சவரம்பு அது. ஆனால் உச்சத் தொகை கட்டுகிற ஒரு லட்சம் பேர் என்று வைத்துக்கொண்டால்கூட வருஷத்துக்கு 25 கோடி. இதற்கு மேல் வணிகக் கட்டடங்களின் சொத்து வரி. அது வீட்டு வரியைவிட அதிக விகிதத்தில் போடப்படுவது. தாம்பரத்தில் அதிகம் இருப்பது வீடு. செலவு வைக்கிற ஊர் ஒன்று, வரவு வாங்குகிற ஊர் இன்னொன்று என்று பிரித்துவிட்டு, யார் அதிகம் வளர்ந்தார்கள் என்று கேட்டால் அதற்குப் பெயர் ஒப்பீடா?

மெப்ஸ் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, 1984இலிருந்து. ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சோறு போட்ட வளாகம். ஆனால் ஒரு வளாகம் ஒரு நெடுஞ்சாலைக்கு ஈடாகாது.

நவி மும்பையைப் பாருங்கள், அதுவும் பக்கத்து ஊர்தானே, வளரவில்லையா என்பது அடுத்த வாதம். நவி மும்பை வளர்ந்தது உண்மை. அதற்காக 1970இல் சிட்கோ என்று ஒரு நிறுவனத்தையே உண்டாக்கினார்கள். அதன் எல்லைக்குள்ளேயே தொழிற்பேட்டை இருக்கிறது. குடிநீருக்கு மோர்பே அணை அந்த மாநகராட்சிக்கே சொந்தம். வீடும் வேலையும் தண்ணீரும் ஒரே கோட்டுக்குள். தாம்பரத்துக்குக் கொடுத்தது ஒரு பெயர்ப்பலகை. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்தில் பேருந்து நிலையம் திறந்தார்கள், அதுவும் தாம்பரம் மாநகராட்சிக்கு வெளியே. மெட்ரோ 2016இல் விமான நிலையம் வந்தது. அங்கிருந்து கிளாம்பாக்கம் சுமார் 15 கிலோமீட்டர். அந்த நீட்டிப்பு பல வருஷமாகப் பேச்சில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் 1931லேயே கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையில் மின்சார ரயில் விட்டவர்களுக்கு இது ஒரே ஊர் என்று தெரிந்திருந்தது.

தண்ணீருக்கும் அது தெரியும். மாடம்பாக்கம், செம்பாக்கம், சிட்லபாக்கம் ஏரிகள் நிரம்பினால் கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகவேண்டும். அந்தச் சதுப்பு நிலம் பழைய பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. அதன்மேல் சென்னையின் குப்பைக்கிடங்கும் சாலைகளும் கட்டடங்களும் ஏறி நிற்கின்றன. மேற்கே அடையாறு முடிச்சூர், திருநீர்மலை, அனகாபுத்தூர் வழியாகத்தான் சென்னைக்குள் நுழைகிறது. 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு விட்டார்கள். அதே தண்ணீர்தான் சைதாப்பேட்டையிலும் வீடுகளுக்குள் புகுந்தது. அதன்பிறகு ஆற்றோரக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்குக் கொண்டுபோகப்பட்டன. பெரும்பாக்கம் 2011இல் சென்னையிலும் சேரவில்லை, 2021இல் தாம்பரத்திலும் சேரவில்லை. கிராம ஊராட்சியாகவே விடப்பட்டது. பக்கத்துச் சோழிங்கநல்லூர் மட்டும் மாநகரம்.

அப்படியென்றால் தாம்பரத்தைச் சென்னையோடு சேர்த்துவிடலாமா? வேண்டாம். 200 வார்டு உள்ள ரிப்பன் மாளிகையில் மாடம்பாக்கத்துக் கால்வாய்க்கு யார் காது கொடுப்பார்கள்? கவுன்சிலர் பக்கத்துத் தெருவில் இருப்பது நல்லதுதான். சேர வேண்டியது கணக்கு. அதற்கு வழி அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. பெருநகரத் திட்டக் குழு வேண்டும் என்கிறது 243இசட்இ பிரிவு. அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல், உள்ளாட்சிகளில் ஜெயித்தவர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்கவேண்டும். நம்மிடம் இருப்பது அமைச்சர் தலைமை தாங்குகிற சிஎம்டிஏ. 2022இல் அதன் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்தார்கள். வரைபடம் பெரிதானது, மேசையில் தாம்பரத்துக்கு நாற்காலி போடவில்லை.

நான் கேட்பது இரண்டே விஷயம். தொழில் வரியில் பாதி, ஊழியர் குடியிருக்கிற உள்ளாட்சிக்குப் போகட்டும். நிறுவனத்திடம் நம் முகவரி இருக்கிறது. கணினியில் ஒரு கட்டம் கூடுதலாகச் சேர்த்தால் போதும், அந்த வேலையைச் செய்ய எங்களுக்குத் தெரியும். இரண்டாவது, ஏரியையும் ஆற்றையும் சதுப்பு நிலத்தையும் ஒரே கையில் வைக்கிற, நாம் ஓட்டுப் போட்டவர்கள் உட்காருகிற ஒரு குழு. இந்த இரண்டையும் செய்த பிறகு வளர்ச்சியை ஒப்பிடுங்கள், நானும் உட்கார்ந்து கேட்கிறேன். அதுவரைக்கும் ‘நீங்க சென்னையா?’ என்று யாராவது கேட்டால், ‘என் வரி சென்னைக்குத்தான் போகுது’ என்று சொல்லிவிடுங்கள்.