கூலியா குற்றவாளி?

சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்திக்குச் சொல்லவா வேண்டும்! சாரல் காலத்தில் குற்றாலத்தில் நீராடி எழுந்தோர் கூட்டங்கூட்டமாய் வருகின்றனர். பூவருகே நின்று படம் பிடித்துக்கொண்டு போகின்றனர். 1992இல் வெளிவந்த 'ரோஜா' படத்தின் நாயகிக்கும் அதுவே ஊர். பூவுக்குப் புகழ் உண்டு, போற்றுவோர் உண்டு. அதன் தலை அறுத்தவர் யார், விதை உலர்த்தியவர் யார், மூட்டையாக்கி முதுகில் சுமந்தவர் யார் என்று கேட்போர் உண்டா?

இன்று ஆலை அதிபர்கள் கேட்கிறார்கள், அதுவும் குற்றஞ்சாட்ட! "கூலி ஏறிவிட்டது, ஆலை ஓட்டுவது எப்படி?" என்பது அவர்தம் புலம்பல்.

புலம்பலைப் பழிக்கவில்லை, கணக்கைப் பார்ப்போம் என்கிறோம். 2025-26ஆம் ஆண்டுக்குச் சூரியகாந்தி விதையின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ.7,721. ஒரு குவிண்டாலுக்குப் பத்து ரூபாய் கூலியைக் கூட்டினால், விதை விலையில் அது ஆயிரத்துக்கு ஒன்றரை ரூபாய்கூட ஆகாது. சாதாரண நெல்லுக்கு ஆதரவு விலை ரூ.2,369, அங்கும் அந்தப் பத்து ரூபாய், நூற்றுக்கு அரை ரூபாயை எட்டாது.

ஆலையை ஆட்டி வைப்பது வேறு கை. 2024 செப்டம்பரில் கச்சா எண்ணெய் வகைகளின் அடிப்படை இறக்குமதி வரி 20 விழுக்காடாக உயர்ந்தது. 2025 மே இறுதியில் அதே வரி 10 விழுக்காடாகச் சரிந்தது. உக்ரைனிலும் ரஷ்யாவிலும் அர்ஜென்டினாவிலும் பிழிந்த எண்ணெய் துறைமுகத்தில் மலிந்தால், இங்குள்ள ஆலைக்கு அடி விழும். டில்லியை நோக்கி எழ வேண்டிய குரல், களத்துப் பெண்ணை நோக்கிப் பாய்கிறது. அவலை நினைத்து உரலை இடிக்கிறார்கள்! ஒற்றைச் செக்கை வைத்துப் பிழைப்பவர் நிலை வேறு; அவருக்குக் கூலி சுமைதான். அவரை முன்னிறுத்திப் பெரிய ஆலைகள் கண்ணீர் வடிப்பதுதான் நாடகம். நாடகம் எழுதுவோர்க்கு வேடம் புரியாதா?

அரிசி ஆலைக்குள் வாருங்கள். நூறு கிலோ நெல்லுக்கு 67, 68 கிலோ அரிசி என்பது அரசுக் கொள்முதலின் அளவு. எஞ்சியதில் தவிடு எண்ணெய்க்குப் போகிறது. உமி கொதிகலனுக்கு விறகாகிறது. உமிக்கும் கணக்கு உண்டு, தவிட்டுக்கும் விலை உண்டு. உச்சி வெயிலில் வெறுங்காலால் நெல்லைக் கிளறும் தாய்க்கு மட்டும் கணக்குப் புத்தகத்தில் இடம் இல்லையா?

1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் முதன்முதலில் பட்டியலிட்ட தொழில்களிலேயே அரிசி, மாவு, பருப்பு ஆலைகளும் எண்ணெய் ஆலைகளும் இருந்தன. ஐந்தாண்டுக்குள் ஒருமுறை கூலியைத் திருத்த வேண்டும் என்றும் அது விதித்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. அதன் பின்னரும் திருவள்ளூர், காஞ்சிபுரம் வட்டாரத்து அரிசி ஆலைகளிலிருந்து இருளர் குடும்பங்களை மீட்க நேர்ந்தது. அவர்களைக் கட்டிப் போட்டது சங்கிலியன்று, முன்பணம்! வாங்கியது எவ்வளவு, கழிந்தது எவ்வளவு என்பது முதலாளியின் நோட்டுக்கு மட்டுமே தெரியும்.

2025 நவம்பர் 21 முதல் கூலிச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. பட்டியல் தொழில் என்ற வரம்பு நீங்கி, எல்லாத் தொழிலுக்கும் குறைந்தபட்சக் கூலி என்கிறது அது. நன்று! ஏட்டில் ஏறியது களத்துக்கு எப்போது இறங்கும்? ஒவ்வோர் ஆலை வாயிலிலும் மூட்டைக் கூலியும் நாட்கூலியும் தமிழில் எழுதித் தொங்கட்டும். முன்பணக் கணக்கின் படியொன்று தொழிலாளியின் கையில் இருக்கட்டும். தென்காசி மாவட்டத்துத் தொழிலாளர் துறையினர், சாரல் முடிந்து சூரியகாந்தி விதை களத்துக்கு வருமுன்னே அந்தப் பலகைகளைப் பார்த்துவிட்டு வரட்டும்.