வெண்குஷ்டம்னு சொல்லாதீங்க – ஒரு கோழியின் சாட்சி

எங்க சாலவாக்கம் பக்கம் தோல்ல பால் மாதிரி வெள்ளைத் திட்டு ஒண்ணு தெரிஞ்சா போதும், 'வெண்குஷ்டம்'னு பேர் வெச்சிடுவாங்க. மீன் தின்னுட்டு பால் குடிச்சதால வந்ததுன்னு காரணமும் ரெடி. பொண்ணுக்கு வந்தா, அவ தங்கச்சி கல்யாணமும் சேர்ந்து நின்னுடும்.

பேர்ல என்ன இருக்குன்னு கேக்கறீங்களா? பக்கத்துல செங்கல்பட்டு திருமணியில 1924-லயே தொழுநோய் மருத்துவமனை வந்தாச்சு. 1955-ல அது மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையமா ஆச்சு. இந்த வட்டாரத்துல 'குஷ்டம்'னா ஊரை விட்டு ஒதுக்கறதுன்னு அர்த்தம். (தொழுநோயே மாத்திரையில குணமாகுதுங்கறதால, அவங்களை ஒதுக்கறதும் தப்புதான்.)

ஆனா இந்த வெள்ளைத் திட்டு தொழுநோய் இல்லவே இல்ல. அதுக்கு சாட்சி ஒரு கோழி!

அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்துல 1971-ல பழுப்பு நிறக் கோழி ஒண்ணு வளர வளர வெள்ளையாச்சு. ராபர்ட் ஸ்மித்ங்கற விஞ்ஞானி அதுலேர்ந்து ஒரு வம்சத்தையே வளர்த்தார். அந்தக் குஞ்சுகள் பொறக்கும்போது நல்ல நிறத்தோட இருக்கும். சில வாரம் கழிச்சு பலதுக்கும் இறகு வெளுக்கும்.

கோழி உரிச்சவங்களுக்குத் தெரியும், முளைச்சு வர்ற இறகோட அடித்தண்டுல ரத்தமும் கூழுமா இருக்கும். நிறம் தர்ற செல் எல்லாம் அங்கதான் வேலை பார்க்குது. இறகைப் பிடுங்கினா மறுபடி முளைக்கும் இல்லையா? அதனால கோழியைக் கொல்லாமலே வாராவாரம் ஒரு இறகை எடுத்துப் பார்க்கலாம். அர்கன்சா பல்கலைக்கழகத்துல கிசெலா எர்ஃப் குழு அப்படித்தான் பார்த்தாங்க. நிறம் போறதுக்கு முன்னாடியே அங்க டி செல்கள் கூட்டம் கூடுது. நோய்க்கிருமியைக் கொல்லவேண்டிய காவல்காரன், சொந்த வீட்டு நிறச் செல்லையே கொல்றான். மனுஷனுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். டி செல் விடற காமா இன்டர்ஃபெரான்ங்கற சமிக்ஞை கோழி இறகுலயும் ஏறுது, நம்ம தோல்லயும் ஏறுது. அந்த சமிக்ஞையைத் தடுக்கற ருக்சோலிடினிப் களிம்புக்கு 2022-ல அமெரிக்கா அனுமதி கொடுத்துச்சு.

ஆக, இதுல ஒட்டிக்கற கிருமி கிடையாது. தொட்டா பரவாது, ஒரே தட்டுல சாப்பிட்டாலும் பரவாது. மீனையும் பாலையும் விட்டுடுங்க பாவம் :-)

ஒரே ஒரு எச்சரிக்கை. திட்டு இருக்கற இடத்துல தொட்டா உணர்ச்சி இல்லைன்னா அது வேற விஷயம். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துல காட்டணும். பேரைக் குழப்பிக்கிட்டா ரெண்டு பக்கமும் நஷ்டம்: ஒருத்தர் வீணா ஒதுக்கப்படுவார், இன்னொருத்தர் வைத்தியத்துக்குப் போகாம ஒளிஞ்சுக்குவார்.

தமிழக அரசே 2010-ல 'வெண்புள்ளி'ன்னு சொல்லச் சொல்லியாச்சு. எழுதற நாமளாவது அதைச் சொல்லுவோமே மக்களே. கதையில, கவிதையில, கிண்டல்ல கூட அந்தப் பழைய வார்த்தை வேணாம்.