நல்ல நேரம் குறிச்சோம், பால் நேரம் குறிச்சோமா?

நாலஞ்சு மாசமா இந்தப் பக்கம் ஒட்டடை படிஞ்சு கிடந்துச்சு. அதுக்கான காரணம் இப்போ என் மடியிலதான் தூங்கிட்டு இருக்கு. ஒத்தைக் கையால தட்டுறேன். எழுத்துப்பிழை இருந்தா இலக்கணப் புலிகள் பொறுத்தருள்க :-)

குழந்தை பொறந்ததைப் பத்தி ஒரு பதிவு போடுன்னு ரங்கமணி நச்சரிச்சுக்கிட்டே இருந்தார். போட்டோ, பேரு, நட்சத்திரம்னு ஒரு பதிவு போட்டிருக்கலாம். ஆனா மனசுல முள்ளு மாதிரி குத்திக்கிட்டு இருக்கற விஷயம் வேற. அதைத்தான் இன்னைக்கு எழுதப் போறேன். கொசுவத்தியைக் கொஞ்சம் சுத்திக்கறேன்.

முப்பத்தாறாவது வாரம் ஸ்கேன்ல, குழந்தை தலை கீழே திரும்பலைன்னு தெரிஞ்சது. மகாராணி உள்ளேயே சப்பணம் போட்டு உக்காந்துட்டா. இன்னும் ரெண்டு வாரம் பார்த்தோம், ம்ஹூம். "ஆபரேஷன் பண்ணிடறது நல்லதும்மா"ன்னு டாக்டர் சொன்னாங்க. எனக்கு அதுல வருத்தம் எதுவும் இல்லை, இப்பவும் இல்லை. காரணத்தோட செய்யற சிசேரியன் உயிர் காக்கற விஷயம். அதனால இது சிசேரியனைத் திட்டற பதிவுன்னு நினைச்சு யாரும் வரிஞ்சு கட்டிக்கிட்டு வராதீங்க.

தேதி முடிவாச்சு. உடனே அப்பா ஜோசியரைப் பார்க்கப் போயிட்டார். முப்பத்தொன்பதாவது வாரத்துல, டாக்டருக்கும் தோதா, ராகுகாலம் எமகண்டம் ஒதுக்கி, காலைல 9.10ல இருந்து 9.50க்குள்ள குழந்தை வெளிய வரணும்னு நிமிஷக் கணக்குல குறிச்சு வாங்கிட்டு வந்தார். எந்த அறை, யார் யார் கூட இருக்கறது, எந்தச் சேலை, வீட்டுக்குப் போனதும் என்ன பத்தியம், எல்லாத்துக்கும் ப்ளான். ரங்கமணி எக்ஸெல் ஷீட்டே போட்டார். ரெண்டு பேரும் பொட்டி தட்டற கோஷ்டி இல்லையா ;-)

அந்த ஷீட்ல நாப்பத்தி மூணு வரி இருந்துச்சு. "குழந்தைக்கு முதல் பால் எப்ப, எப்படி, யார் உதவியோட?" அப்படின்னு ஒரு வரி இல்லை. எனக்குத் தோணலை, அவருக்குத் தோணலை, ஆஸ்பத்திரிலயும் யாரும் கேக்கலை. ஒரு ப்ராஜெக்ட்டை இப்படிக் கோ-லைவ் பண்ணா மேனேஜர் நம்மளைத் தோலை உரிச்சிருப்பார்.

அன்னைக்கு நடந்தது இதான். முதுகுல ஊசி போட்டாங்க. இடுப்புக்குக் கீழே மரத்துப் போச்சு, மத்தபடி நல்லா முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். 9.24க்கு அழுகைச் சத்தம். ஒரு செகண்ட் முகத்தைக் காட்டி, "பொண்ணும்மா"ன்னாங்க. அவ்வளவுதான், கொண்டு போயிட்டாங்க. அப்புறம் நான் அவளைப் பார்த்தது மத்தியானம் ஒன்றரை மணிக்கு. அந்த நாலு மணி நேரமும் அவளும் நல்லா இருந்தா, நானும் நல்லா இருந்தேன். "எப்பவும் இப்படித்தான்"ங்கறதைத் தவிர, பிரிச்சு வைக்க வேற ஒரு காரணமும் இல்லை.

நடுவுல ரங்கமணியைக் கூப்பிட்டு, கீழே மருந்துக்கடைல ஒரு பால்பவுடர் டின்னும் பாட்டிலும் வாங்கிட்டு வரச் சொல்லியிருக்காங்க. மனுஷன் நாலு மாடி லிஃப்ட்டுக்குக்கூட நிக்காம ஓடிப் போய் வாங்கிட்டு வந்து, அப்பாவா தன்னோட முதல் கடமையை முடிச்ச பெருமையில இருந்தார். பாவம், அவரைச் சொல்லிக் குத்தமில்லை. இதுல வேடிக்கை என்னன்னா, தாய்ப்பால்தான் உன் குழந்தைக்குச் சிறந்ததுன்னு அந்த டின்லயே அச்சடிச்சிருக்கும். 1992ல வந்த சட்டப்படி அது கட்டாயம். 2003ல அந்தச் சட்டத்தைத் திருத்தி, ரெண்டு வயசு வரைக்குமான குழந்தைங்களுக்கான பால்பவுடர், உணவு எதையும் விளம்பரம் பண்ணவே கூடாதுன்னாங்க. டின் மேல எழுதியிருந்துச்சு. வார்டுல யாரும் சொல்லலை.

ஒன்றரை மணிக்கு என் கிட்ட வந்தப்போ, வயிறு முட்டக் குடிச்சிட்டு அசந்து தூங்கிட்டு இருந்தா. வாயைத் திறக்கவே இல்லை. "ஆபரேஷன் கேஸ்ல, மூணு நாளைக்குப் பால் வராதும்மா, அது வரைக்கும் பவுடர்தான்"ன்னு ஒரு சிஸ்டர் சொல்லிட்டுப் போனாங்க. ஊர்ல இருந்து வந்திருந்த அப்பத்தா, "எம்மா காலத்துல சேனைத் தண்ணி தொட்டு வைப்போம், அதையும் வேணாம்னுட்டீக"ன்னு ஒரு பக்கம் முனகல். அத்தை, "பூண்டு போட்டுக் குடும்மா, பால்சுறாப் புட்டு குடும்மா"ன்னு இன்னொரு பக்கம். பார்க்க வந்த எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி: "பால் இருக்கா?" எனக்குத் தண்ணி பில்லு கட்டலையான்னு கேக்கற மாதிரியே இருந்துச்சு.

மூணாம் நாள் எடை பார்த்தாங்க. பொறந்தப்போ 2900 கிராம், இப்போ 2680. கணக்குப் போட்டா ஏழரை சதவீதம் குறைஞ்சிருக்கு. ஏழரைன்னாலே நம்மாளுங்களுக்குக் கிலிதானே! அறையே எழவு வீடாயிடுச்சு. "தாய்ப்பால் பத்தலை"ன்னு தீர்ப்பும் எழுதியாச்சு. அன்னைக்கு ராத்திரி நான் அழுத அழுகையில தையல் பிரிஞ்சிடும்னு அம்மா பயந்துட்டாங்க.

காப்பாத்தினது நைட் டூட்டிக்கு வந்த ஒரு வயசான சிஸ்டர். விளக்கைப் போட்டாங்க. தலகாணி ரெண்டை என் பக்கத்துல அடுக்கி, குழந்தையை என் அக்குளுக்கு அடியில, கால் முதுகுப் பக்கம் போற மாதிரி வெச்சாங்க. கால்பந்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஓடுவாங்களே, அது மாதிரி. தையல் மேல ஒரு துளி பாரம் இல்லை. "அவளை நீ தேடிப் போகாத கண்ணு, அவ உன்னைத் தேடி வரட்டும்"னாங்க. வாய் நல்லாத் திறந்தப்போ ஒரே அழுத்து. பிடிச்சுக்கிட்டா! மூணு நாளா உலகமே சொன்னதைப் பத்து நிமிஷத்துல பொய்யாக்கிட்டாங்க அந்தம்மா. பன்னிரண்டாம் நாள் எடை திரும்பவும் 2900. பாட்டில் பரண் மேல போயிடுச்சு.

கொசுவத்தி போதும். இனிமே கருத்து கந்தசாமி நேரம்.

"ஆபரேஷன் பண்ணா பால் வராது" அப்படிங்கறது தப்பு. பால் சுரக்க ஆரம்பிக்கறதுக்கான சுவிட்ச் குழந்தை எந்த வழியா வெளிய வருதுங்கறதுல இல்லை. நச்சுக்கொடி வெளிய வந்ததும் புரோஜெஸ்டிரோன்ங்கற ஹார்மோன் சட்டுனு இறங்குது, அதுதான் சுவிட்ச். சிசேரியன்லயும் நச்சுக்கொடியை எடுத்துடறாங்களே! மார்பு நிறைஞ்சு பால் இறங்க யாருக்குமே ரெண்டுல இருந்து நாலு நாள் ஆகும். முதல் பிரசவம்னாலோ சிசேரியன்னாலோ கொஞ்சம் கூடத் தாமதம் ஆகலாம். தாமதம் வேற, இல்லைங்கறது வேற. நெட்வொர்க் ஸ்லோன்னா சர்வரே செத்துடுச்சுன்னா சொல்லுவோம்?

அது வரைக்கும் குழந்தை பட்டினியான்னு கேப்பீங்க. அதுக்குத்தான் சீம்பால். முதல் நாள் ஒரு வேளைக்குக் கிடைக்கறது ஒண்ணு ரெண்டு ஸ்பூன் அளவுதான். பொறந்த குழந்தைக்கு அப்போ அதான் அளவு. பாட்டில் நிறையக் கொடுத்துப் பார்த்துட்டு, "பாருங்க, எவ்வளவு பசி!"ங்கறது, ரெண்டு இட்லி சாப்பிடறவனுக்குக் கல்யாண விருந்து போட்டுட்டு இவ்வளவு நாள் பட்டினி கிடந்தான்னு சொல்ற மாதிரி.

எடை விஷயமும் அப்படித்தான். முதல் சில நாள்ல எடை குறையறது இயல்பு. ஆபரேஷனப்போ நமக்கு ஏத்தற சலைன் குழந்தைக்கும் போய், பொறந்தப்போ எடையைக் கொஞ்சம் ஏத்திக் காட்டும். அது ஒண்ணுக்காப் போனதும் எடை இறங்கும். பத்து சதவீதத்தை நெருங்கினா டாக்டர் கட்டாயம் பார்க்கணும். ஏழரைக்கு எழவு வீடு ஆக வேண்டியதில்லை. முதல்ல பார்க்க வேண்டியது, குழந்தை சரியாப் பிடிச்சு உறிஞ்சுதாங்கறதை.

உண்மையான ஆபத்து எங்க இருக்குன்னா, அந்தச் சுழற்சியில. பால் வெளிய போகப் போகத்தான் ஊறும், கிணறு மாதிரி. பாட்டில் கொடுத்தா குழந்தை உறிஞ்சாது. உறிஞ்சலைன்னா ஊறாது. ஊறலைன்னா இன்னொரு பாட்டில். ஒரு வாரத்துல நாமே உண்டாக்கின பற்றாக்குறைக்கு "அவளுக்குப் பால் இல்லை"ன்னு பேர் வெச்சுடறோம். பக்(bug) நம்ம கோடுல இருக்கு, பழி அம்மா மேல.

இதெல்லாம் புதுசா யாரும் கண்டுபிடிச்சதில்லை. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் ஆஸ்பத்திரிகளுக்கான பத்துப் படிகளை 1989லயே வெளியிட்டாங்க, 2018ல திருத்தியும் கொடுத்தாங்க. பொறந்ததும் குழந்தையை அம்மாவோட வெறும் மார்புல போடணும், முதல் ஒரு மணி நேரத்துக்குள்ள பால் கொடுக்க உதவணும்னு அதுல இருக்கு. முதுகு ஊசி போட்டுப் பண்ற சிசேரியனுக்கும் அது பொருந்தும், அம்மா முழிச்சுத்தானே இருக்கா!

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி இந்தியாவுல 100 பிரசவத்துல கிட்டத்தட்ட 89 ஆஸ்பத்திரியிலதான் நடக்குது. ஆனா முதல் ஒரு மணி நேரத்துல பால் கிடைக்கற குழந்தைங்க 42 சதவீதம்தான். அதே ஆய்வுல, நம்ம தமிழ்நாட்டுல சிசேரியன் 44.9 சதவீதம், தனியார் ஆஸ்பத்திரியில மட்டும் பார்த்தா 63.8. அதாவது இது யாரோ ஒருத்தருக்கு வர்ற விதிவிலக்கு கிடையாது. கிட்டத்தட்ட பாதி அம்மாக்களோட கதை.

"குழந்தை உயிரோட இருக்கறது முக்கியமா, பால் முக்கியமா?"ன்னு ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். எடை ரொம்பக் கம்மி, மாசம் ஆகாம பொறந்தது, அம்மாவுக்குச் சர்க்கரை இருந்து குழந்தைக்குச் சர்க்கரை இறங்கறது, இப்படி நேரத்துல டாக்டர் சொன்னா பவுடர் பால் மருந்து மாதிரிதான், தயங்காம கொடுக்கணும். எவ்வளவோ முயற்சி பண்ணியும் முடியாம போன அம்மாக்களும் இருக்காங்க, அவங்க யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. என் சண்டை, காரணமே இல்லாம வழக்கம்ங்கற பேர்ல நீட்டற பாட்டிலோடதான்.

தேதி குறிச்ச சிசேரியன்ல ஒரு பெரிய வசதி இருக்கு. எல்லாம் முன்கூட்டியே தெரியும். அதனால எட்டாம் மாசமே டாக்டர் கிட்ட இதைக் கேட்டுடுங்க:

1. தியேட்டர்லயோ வெளிய வந்த உடனேயோ குழந்தையை என் மார்புல போடுவீங்களா? முடியலைன்னா அப்பா மார்புலயாவது?
2. குழந்தைக்கு எதையும் கொடுக்கறதுக்கு முன்னாடி எங்களைக் கேப்பீங்களா? கொடுக்கத்தான் வேணும்னா பாட்டில் வேணாம், பாலாடையில கொடுப்பீங்களா?
3. குழந்தை வார்மர்ல இருக்க வேண்டி வந்தா, முதல் சில மணி நேரத்துலயே கையால சீம்பாலைப் பீய்ச்சி எடுத்துக் கொடுக்க யார் சொல்லித் தருவாங்க?
4. வலி மாத்திரை எதைப் போட்டுக்கலாம்? பாலுக்கு ஆகாதுன்னு பயந்து வலியைப் பொறுத்துக்காதீங்க. பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் மாதிரி மாத்திரைங்க பால்ல ரொம்பக் கம்மியாத்தான் கலக்கும். டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கோங்க.
5. தையல்ல பாரம் விழாம எப்படிப் பிடிக்கறது? அக்குள் பிடியும் ஒருக்களிச்சுப் படுத்துக் கொடுக்கறதும் முன்னாடியே தெரிஞ்சிருந்தா பாதி அழுகை மிச்சம்.

ரங்கமணிகளுக்கு ஒரு வார்த்தை. அன்னைக்கு வாய் திறந்து கேக்கற நிலைமையில அவ இருக்க மாட்டா. மரத்த காலோட படுத்திருப்பா. கேக்க வேண்டியவர் நீங்கதான். அவசரமா கடைக்கு ஓடறதுக்கு முன்னாடி, "எதுக்கு சிஸ்டர்?"னு ஒரு கேள்வி கேளுங்க. எங்க வீட்டு ரங்கமணி இதைப் படிச்சுட்டு, "என்னைப் பதிவுல இழுத்துட்டியா?"ன்னு கேட்டார். அப்புறம் அந்த எக்ஸெல் ஷீட்டைத் திறந்து, நாப்பத்தி நாலாவது வரியா இதைச் சேர்த்து, மாசமா இருக்கற அவர் தங்கச்சிக்கு அனுப்பிட்டார்.

அவளுக்கும் தேதி குறிச்சாச்சு மக்கா. நேரம் நல்ல நேரம்தான். இந்தத் தடவை பால் நேரமும் சேர்த்தே குறிச்சிருக்கோம்.

உங்க வீட்டுல என்ன நடந்துச்சு? பின்னூட்டத்துல சொல்லுங்க. திட்டறதுன்னாலும் மெதுவாத் திட்டுங்க, இவ இப்பத்தான் தூங்கினா :-)

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, வெறும் பொறியாளர். உங்க குழந்தை விஷயத்துல உங்க டாக்டர் சொல்றதுதான் கடைசி வார்த்தை. ஆனா கேள்வி கேக்க டாக்டர் பட்டம் வேண்டியதில்லை.