வாய் பேசாவிட்டால் மனமும் பேசாதா?

அயல்வீட்டு அக்கா ஒருவர் வருகிறார். பாயில் இருந்து பானை மூடியைச் சுழற்றிக்கொண்டிருக்கும் மகனைப் பார்க்கிறார். இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில் பிறந்தவன். இன்று மீசை அரும்பிவிட்டது.

"என்ன பிள்ளை, இவன் இன்னும் கதைக்கிறானில்லையோ?"

"இல்லையக்கா. நாங்கள் சொல்லுறதும் அவனுக்கு ஒண்டும் விளங்காது."

இப்படியான பேச்சை நாம் எத்தனையோ வீடுகளில் கேட்டிருப்போம். அந்த மகனும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான் என்பது மட்டும் எங்களுக்கு மறந்துபோகிறது. உண்மையில் அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லையா? இம்மாதம் அதைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

ஓட்டிசம் என்பது மூளை வளரும் விதத்தில் ஏற்படும் ஒரு வேறுபாடு. மதியிறுக்கம் என்றும் சொல்வார்கள். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினருக்கு, பாடசாலை செல்லும் வயது வந்த பின்னும் பேச்சு இருப்பதில்லை. அல்லது ஒரு சில சொற்களே இருக்கும்.

தாய்மார் பலர் தம்மையே குற்றம் சொல்லிக்கொள்கிறார்கள். "ஷெல் சத்தத்தில் பயந்ததால் வந்ததோ? நான் அவனைச் சரியாகக் கவனிக்கவில்லையோ?" என்று மனதுக்குள் அழுகிறார்கள். சகோதரிகளே, பிறந்த பிள்ளை பயந்துபோனதால் ஓட்டிசம் வருவதில்லை. தாயின் அன்புக் குறைவாலும் வருவதில்லை. இதில் மரபணுக்களின் பங்கே பெரிது. நன்றாகக் கதைத்துக்கொண்டிருந்த பிள்ளை கொடுமையான ஒன்றைக் கண்ட பின் பேச்சை நிறுத்தினால் அது வேறு விடயம். இரண்டையும் வைத்தியரே பிரித்தறிய வேண்டும்.

தாயைக் குற்றம் சொல்வது எங்கள் ஊரில் மட்டும் உள்ள வழக்கமல்ல. அமெரிக்காவில் புருனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967இல் ஒரு நூல் எழுதினார். தாயின் பாசமின்மையே ஓட்டிசத்துக்குக் காரணம் என்றார். அந்த நூலுக்கு அவர் இட்ட பெயர் 'வெறுமையான கோட்டை'. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே, ஓட்டிசம் உள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பேர்னாட் ரிம்லண்ட், இதன் காரணம் உடல் சார்ந்தது என்று விளக்கி எழுதியிருந்தார். பின்னைய ஆய்வுகள் ரிம்லண்டின் பக்கமே நின்றன. ஆனால் அதற்குள் எத்தனையோ தாய்மார் வீண்பழி சுமந்துவிட்டார்கள்.

தாய்மீது சுமத்திய பழி பொய்யாயிற்று. பிள்ளையின் உள்ளம் வெறுமையானது என்ற பேச்சாவது உண்மையா? கனடாவின் மொன்றியல் நகரில் நடந்து 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பார்ப்போம். பேச்சு இல்லாத, அல்லது மிகக் குறைந்த பேச்சுள்ள, 6 முதல் 12 வயதான 30 ஓட்டிசப் பிள்ளைகள் அதில் பங்குகொண்டார்கள். வழக்கமான நுண்ணறிவுச் சோதனையை ஒருவராலும் முழுமையாகச் செய்ய முடியவில்லை. பின்னர் வேறொரு சோதனை கொடுத்தார்கள். கோலத்தில் விடுபட்ட இடத்துக்குப் பொருந்தும் துண்டைக் கையால் எடுத்து வைக்க வேண்டும். வாய் திறக்கத் தேவையில்லை. 26 பேர் அதைச் செய்து முடித்தார்கள். அவர்களுள் 17 பேரின் புள்ளிகள், ஏனைய பிள்ளைகளுள் பெரும்பாலானோர் பெறும் அளவுக்குள்ளேயே இருந்தன. பிள்ளைகள் அதே பிள்ளைகள்தான். கேட்ட விதம் மட்டுமே மாறியது.

இதைக் கொண்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவு விளங்கும் என்று சொல்ல முடியாது. சிலருக்குக் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கும். ஆனால் எவ்வளவு விளங்குகிறது என்பதைப் பேச்சை வைத்து அளக்க முடியாது. ஆகவே விளங்குகிறது என்று எண்ணி நடப்பதே நல்லது. அப்படி நடந்து நாம் பிழைத்துப்போனாலும் பிள்ளைக்கு நட்டமில்லை. விளங்காது என்று எண்ணி நடந்து பிழைத்துப்போனால், அவன் வாழ்நாள் முழுவதும் அதைக் கேட்டுக்கொண்டல்லவா இருக்க வேண்டும்?

வீட்டில் என்ன செய்யலாம்?

பிள்ளையை வைத்துக்கொண்டு அவனைப் பற்றி இழிவாகப் பேசாதீர்கள். பேச விடவும் வேண்டாம்.

ஒன்றைச் சொன்னால் சிறிய வசனமாகச் சொல்லுங்கள். பின் அவசரப்படாமல் காத்திருங்கள். கேட்டதைக் கைகால்களால் செய்து காட்ட அவனுக்கு நேரம் பிடிக்கலாம்.

கோப்பை, சாப்பாடு, மலசலகூடம், பாய் ஆகியவற்றை மட்டைத் துண்டுகளில் வரைந்து, அவன் தொட்டுக் காட்டப் பழக்குங்கள். படம் பழகினால் பேச்சு வராமல் போகும் என்று பயப்பட வேண்டாம். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அவன் கையை நீங்கள் பிடித்து நகர்த்த வேண்டாம். பிறர் பிடித்த கை காட்டிய எழுத்துகள், பிடித்தவரின் எண்ணங்களாகவே இருந்தன என்பதைச் சோதனைகள் காட்டியுள்ளன.

காதைப் பொத்திக்கொண்டு ஓடினால் அடம் என்று அடிக்காதீர்கள். சீனவெடியும் ஒலிபெருக்கியும் அவனுக்கு எம்மைவிடப் பன்மடங்கு வேதனை தரக்கூடும்.

வழமைக்கு மாறாகத் தன் தலையில் அடித்துக்கொண்டால், முதலில் பல், காது, வயிறு ஆகியவற்றைப் பாருங்கள். 'நோகுது' என்று சொல்ல அவனுக்கு வேறு வழி இல்லாதிருக்கலாம்.

சின்னப் பிள்ளைக்கு வயதுக்கேற்ற பேச்சு வரவில்லையென்றால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் தாமதியாமல் சொல்லுங்கள். செவிப்புலனையும் பரிசோதிக்கக் கேளுங்கள். வளர்ந்த பிள்ளையென்றால் இனி என்ன செய்வது என்று விட்டுவிடாதீர்கள். படம் காட்டிக் கேட்க எந்த வயதிலும் பழகலாம்.

அடுத்த முறை அந்த அக்கா வந்து கேட்டால், "அவன் கதைக்கிறதில்லை அக்கா. ஆனால் நாங்கள் கதைக்கிறதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்" என்று சொல்லுங்கள். பின் அவன் பக்கம் திரும்பி, "தம்பி, அன்ரி வந்திருக்கிறா" என்று சொல்லுங்கள். அவன் நிமிர்ந்து பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, சொல்லுங்கள்.