முதல் ஊசி எது?

தென்னந்தோப்பில் மட்டை வெட்ட ஏறியவரைக் குளவி கொட்டிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பியவரிடம் ராஜபாளையம் பக்கம் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “ஊசி போட்டாங்களா?” என்ன ஊசி என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும். வழக்கமாக வரும் பதில் அவில், டெக்சா. வெறும் அரிப்பு, தடிப்பு என்றால் அது போதும். கடும் ஒவ்வாமையில் உதடும் நாக்கும் வீங்கி, மூச்சு இரைத்து, ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருண்டு விழுகிறவருக்கு முதலில் ஏற வேண்டியது அட்ரினலின். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி வைத்ததுபோல் உட்கார்ந்திருக்கும் சின்னச் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. நாய் துரத்தும்போது நெஞ்சு படபடப்பதும் கால் தானாக ஓடுவதும் இதன் வேலை. ஜப்பானியரான ஜோகிச்சி தகாமினே, அமெரிக்காவில் இருந்தபடி, இதைப் படிகமாகப் பிரித்தெடுத்த செய்தியை 1901இல் வெளியிட்டார். 1904இல் ஜெர்மனியின் பிரீட்ரிக் ஸ்டோல்ஸ் ஆய்வுக்கூடத்திலேயே தயாரித்துவிட்டார். நூற்றாண்டு கடந்த பிறகும் கடும் ஒவ்வாமைக்கு இதைவிட நல்ல மருந்து வரவில்லை. காரணம், இது ஒரே நேரத்தில் பல வேலை பார்க்கிறது. தளர்ந்து கசியும் ரத்தக்குழாய்களை இறுக்கி அழுத்தத்தை ஏற்றுகிறது, இதயத்தை முடுக்குகிறது, சுருங்கிய மூச்சுக்குழாயைத் திறக்கிறது, ஒவ்வாமையைக் கிளப்பும் செல்கள் மேலும் ரசாயனங்களைக் கொட்டாமல் தடுக்கிறது. அவில் இவற்றில் ஒரே ஒரு ரசாயனத்தை, ஹிஸ்டமினை, மட்டும் மறிக்கும். ஸ்டீராய்டு வகையான டெக்சா வேலை செய்யப் பல மணி நேரம் ஆகும்.

அவ்வளவு நேரம் நோயாளியிடம் இல்லை. பிரிட்டனில் ஒவ்வாமை மரணங்களை ஆராய்ந்த டாக்டர் ரிச்சர்ட் பம்ப்ரி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கு இது: பூச்சி கொட்டி இறந்தவர்களுக்கு இதயமோ மூச்சோ நின்றது, இடைநிலையாகப் பார்த்தால், 15 நிமிடத்தில். சிகிச்சையில் தந்த மருந்து ஒவ்வாமல் போனவர்களுக்கு 5 நிமிடத்தில். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை ஏறக்குறைய 75 கிலோமீட்டர், ராஜபாளையத்திலிருந்து இன்னும் பத்து கூடுதல். “மதுரைக்குக் கொண்டுபோங்க” என்ற வார்த்தை இந்த நோயில் எவ்வளவு பெரிய தீர்ப்பு என்று இந்தக் கணக்கே சொல்லும்.

இந்தப் பகுதிக்கு இது ஏட்டுச் செய்தி இல்லை. மேற்கே முழுக்க மலை. சாம்பல் நிற அணிலுக்காக 1988இல் சரணாலயமான காடு, 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாக விரிந்தது. அடிவாரத்தில் மாந்தோப்பும் தென்னையும் வயலும். ஆடி அமாவாசைக்குத் அடிவாரத் தாணிப்பாறை வழியே சதுரகிரி மலை ஏறும் கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம். தேனீக்கும் குளவிக்கும் பாம்புக்கும் மனிதன் குறுக்கே வராத நாளே கிடையாது. பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி வெளிநாட்டு ஆஸ்பத்திரிகள் வரை போகிறது. உள்ளூர்க்காரரின் உயிரைக் காக்கும் ஒரு மில்லி மருந்து அவருடைய கிராமம் வரை வந்து சேர வேண்டாமா?

பாம்புக்கடியில்தான் விஷயம் இன்னும் ஆழமானது. அட்ரினலின் பாம்பு விஷத்தை முறிக்காது. முறிப்பது ஏ.எஸ்.வி. எனப்படும் விஷமுறிவு மருந்து. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் குதிரைக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து எடுப்பது. அந்த விஷத்தில் பெரும்பகுதியைத் தருவது 1978இல் தொடங்கிய, வடநெம்மேலியில் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கம். குதிரையின் புரதம் மனித உடலுக்கு அந்நியம் என்பதால், உயிர்காக்கும் அந்த மருந்தே சிலருக்கு ஒவ்வாமையால் உயிரை உலுக்கிவிடும். சிறிய ஆஸ்பத்திரிகளில் மருந்து அலமாரியில் இருந்தும் கை நடுங்குவது இதனால்தான். நோயாளி பெரிய ஆஸ்பத்திரிக்குத் தள்ளப்படுவார். போகும் வழியில் விஷம் தன் வேலையைப் பார்க்கும்.

இந்த அச்சத்துக்கு விடை பக்கத்து நாடான இலங்கையிலிருந்தே வந்தது. களனிப் பல்கலைக்கழகத்தின் அசித்த டி சில்வா குழு, பாம்பு கடித்த 1,007 பேரிடம் நடத்திய ஆய்வு 2011இல் வெளியானது. அங்கேயும் ஏற்றப்பட்டது இந்தியாவில் தயாரான மருந்துதான். நான்கில் மூன்று பேருக்கு ஏதோ ஓர் எதிர்வினை வந்தது. ஏ.எஸ்.வி.க்கு முன்பே கால் மில்லிகிராம் அட்ரினலினைத் தோலுக்கடியில் போட்டவர்களுக்கு, முதல் ஒரு மணி நேரத்தில் கடுமையான எதிர்வினைகள் 43 சதவீதம் குறைந்தன. நம் ஊரில் நம்பிப் போடும் ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்த ஹைட்ரோகார்ட்டிசோனும், அவில் வகையைச் சேர்ந்த புரோமெத்தசினும் தனியே எந்தப் பயனும் தரவில்லை. எதிர்வினையைச் சமாளிக்க மதுரை தேவையில்லை; சிரிஞ்சில் தயாராக ஏற்றி வைத்த அட்ரினலினும், அதைப் போடத் தயங்காத ஒருவரும் போதும்.

தயக்கத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நேரே நரம்பில் வேகமாகச் செலுத்தினால் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும் மருந்து இது. செந்தேள் கொட்டினால் கதையே தலைகீழ்: தேள் விஷம் உடலின் சொந்த அட்ரினலினையும் அதன் உறவான நார்அட்ரினலினையும் அணை உடைந்த வேகத்தில் கொட்ட வைக்கிறது. வியர்த்து ஊற்றி, கைகால் சில்லிட்டு, கடைசியில் நுரையீரலில் நீர் கோத்துவிடும். அங்கே தேவை, அட்ரினலின் ரத்தக்குழாயை இறுக்குவதைத் தடுக்கும் பிரசோசின் என்ற மலிவான மாத்திரை. மகாராஷ்டிரத்தின் மகாட் என்ற சின்ன ஊரில் இருந்துகொண்டு அதை நிரூபித்த டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கருக்கு 2022இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆகவே எது கொட்டியது, என்ன அறிகுறி என்று பார்த்துத்தான் ஊசி. ஆனால் ஒவ்வாமை அதிர்ச்சி என்று தெரிந்த பிறகு, பெரியவர்களுக்கு அரை மில்லிகிராம், குழந்தைகளுக்கு எடைக்கேற்ற அளவு, தொடையின் வெளிப்புறத் தசையில் போடுவதற்குத் தடை எதுவும் இல்லை.

இதைப் போட எம்.டி. படித்திருக்க வேண்டுமா? குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட வரும் கிராம சுகாதார செவிலியரின் பையில் ஒவ்வாமைக்கான அட்ரினலின் ஆம்பூல் இருக்க வேண்டும், அறிகுறி தெரிந்தால் முதல் ஊசியை அவரே போட்டு அனுப்ப வேண்டும் என்று மத்திய சுகாதாரத் துறையின் தடுப்பூசி வழிகாட்டுதல் சொல்கிறது. தடுப்பூசி நாளில் அவர் கையை நம்பும் அரசு, அதே தெருவில் குளவி கொட்டியவருக்கும் அந்தக் கையை நம்பலாம்.

தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. நல்ல தொடக்கம். அடுத்த ஆடி அமாவாசைக்குள் தாணிப்பாறையில் போடும் மருத்துவ முகாமிலும், அடிவார ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஒவ்வொன்றிலும் அட்ரினலினும் அதைப் போடப் பயிற்சி பெற்ற செவிலியரும் இருக்க விருதுநகர் மாவட்ட நிர்வாகம் வழி செய்ய வேண்டும். கொட்டுப்பட்டவரின் வீட்டாருக்கும் வேலை உண்டு: மூச்சுத் திணறினாலோ மயங்கினாலோ எழுப்பி நடக்க வைக்காதீர்கள், 108க்கு அழையுங்கள், அருகிலுள்ள நிலையத்தில் “அட்ரினலின் போட்டாச்சா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள்.