நலவாழ்வுப் பகுதி: எலும்பில் கட்டி தட்டுப்பட்டால்

உடம்பை இறைவன் உறையும் ஆலயமாகக் கண்டார் திருமூலர். கோபுரத்தில் விரிசல் தெரிந்தால் ஆலய நிர்வாகம் அன்றே கொத்தனாரை அழைக்கும். ஆனால் குளிக்கும்போது முழங்கால் அருகே கல்போல ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டால், பலர் வீட்டாரிடம்கூடச் சொல்வதில்லை. பெண் பிள்ளையாயின் வரன் தட்டிப்போகுமே என்று மறைக்கும் பெற்றோரும் உண்டு.

கெட்டியான கட்டியெல்லாம் கொடியதன்று. காதின் பின்புறத்திலும் மார்புக்குழியிலும் தட்டுப்படும் எலும்பு முனைகள் இயற்கையானவை. முறிந்து கூடிய எலும்பில் முண்டு நிற்பதுண்டு. ஓடியாடும் சிறுவருக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழே புடைப்பு வரும். ஆஸ்டியோகாண்ட்ரோமா என்னும் சாதுவான கட்டி வளரும் பருவத்தில் தோன்றி, உடல் வளர்ச்சி நின்றதும் தானும் நின்றுவிடும். அதன் பிறகும் பெரிதானால் டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும்.

தாமதிக்கக் கூடாத அடையாளங்கள் சில: கட்டி வாரத்துக்கு வாரம் பெருத்தல், இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, லேசான அடிக்கே எலும்பு முறிதல், காரணமின்றி உடல் மெலிதல், 40 வயதுக்கு மேல் புதிதாகத் தோன்றும் எலும்புக் கட்டி. வலியில்லை என்பதாலேயே அலட்சியமாய் இருப்பதும் தவறு.

கனடா நாட்டு இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ், முழங்கால் வலியைப் பெரிதாக எண்ணாமல் பொறுத்திருந்தார். 1977-இல் அது எலும்புப் புற்று எனத் தெரிந்து, 18 வயதில் வலக்காலை இழந்தார். பிழைக்க 50 சதவீத வாய்ப்பு உண்டு. இரண்டாண்டுக்கு முன்பு அது 15 சதவீதமே என்று அவருக்குச் சொல்லப்பட்டது. 1980-இல் செயற்கைக் காலுடன் 143 நாட்கள் ஓடிப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டினார், 1981-இல் காலமானார். இன்று முதலில் மருந்து கொடுத்து, பிறகு கட்டியை மட்டும் நீக்கிப் பலருடைய காலைக் காப்பாற்ற முடிகிறது. அதற்கு நேரத்தோடு போகவேண்டும்.

கட்டியை எண்ணெய் தேய்த்து உருவுவதும், பற்றுப் போட்டு இறுக்கிக் கட்டுவதும் ஆகாது. முதலில் எடுக்கவேண்டியது எக்ஸ்ரே. சந்தேகம் இருந்தால் ஊசியால் சிறிது சதை எடுத்துச் சோதிப்பார்கள். பின்னால் அறுவை செய்யப்போகும் மருத்துவமனையிலேயே அதைச் செய்துகொள்வது நல்லது. கண்ட இடத்தில் கீறிவிட்டால் பிறகு காலைக் காப்பது கடினமாகும். எப்போது கண்டது, எவ்வளவு வளர்ந்தது, எந்நேரம் வலிக்கிறது என்று குறித்துக்கொண்டு, பழைய எக்ஸ்ரே படங்களையும் எடுத்துச் செல்க.

யாங்கோனில் கிமிண்டைங் பகுதியில் எலும்பு மருத்துவமனை இருக்கிறது. இராமகிருஷ்ண மிஷன் 1921-இல் தொடங்கி, பின்னர் அரசுடைமையான ஆஸ்பத்திரியே கிழக்கு யாங்கோன் பொது மருத்துவமனை. நோயாளியை நாராயணனாகக் கண்டு தொண்டு செய்த இடம் அது. அங்கே போய் உடம்பைக் காட்டுவதில் வெட்கத்துக்கு இடமில்லை.

அம்மன் சந்நிதியில் வேண்டிக்கொள்ளலாம், விபூதியும் பூசிக்கொள்ளலாம். அதே வாரத்தில் எக்ஸ்ரேயும் எடுத்துவிட வேண்டும்.